முன்னிரவை மின்மினிகளுக்கு விட்டுக்கொடுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆனைமலை அடிவாரத்து ஊராட்சி மன்றத் தலைவர்களே, உறுப்பினர்களே,

உங்கள் ஊர்களுள் ஒன்றில் பிறந்து, அங்கேயே தென்னை வைத்துப் பிழைத்து, பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் தண்ணீரையும் மலையிலிருந்து இறங்கும் காற்றையும் உங்களோடு பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறவன் என்ற ஒரே உரிமையில் இம்மடலை எழுதத் துணிந்தேன். குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று ஒருவரும், சாக்கடை அடைத்துக்கொண்டதென்று ஒருவரும், வேலை அட்டையில் பெயர் விடுபட்டுப்போயிற்றென்று ஒருவருமாக, பொழுது விடியுமுன்னரே உங்கள் வாசலில் மக்கள் வந்து நிற்கிறார்கள் என்பதை அறிவேன். அத்தனை அவசரமான காரியங்களுக்கு நடுவே மின்மினிப் பூச்சியின் பொருட்டு ஒரு விண்ணப்பம் வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கிடுவதை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உங்கள் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எந்தக் கம்பத்தில் விளக்கு, அது எத்தனை வாட், எத்திசை நோக்கி எரிவது, எத்தனை மணிக்கு அணைவது என்னும் சிறு முடிவுகள் யாவும் உங்கள் கையெழுத்தில்தான் முடிகின்றன. அம்முடிவுகளைக் குறித்து வாக்களிக்கவோ முறையிடவோ வாயற்ற ஒரு ஜீவராசியின் சந்ததி அவற்றைப் பொறுத்தே தழைக்கவோ அழியவோ இருக்கிறது என்பதனால், அதன் சார்பில் நான் பேச வேண்டியவனாகிறேன்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த உலாந்தி வனச்சரகத்தில் எண்ணிறந்த மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து ஒரே தாளத்தில் அணைந்து, மரத்துக்கு மரம் ஒளி அலை பாய்வது போன்ற காட்சியைத் தந்த செய்தியும் படங்களும் வெளிவந்தபோது, நாடெங்கும் மக்கள் நம் மலையின் பெயரை வியந்து பேசினார்கள் அல்லவா? அவை அப்ஸ்கோண்டிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறிந்தோர் கண்டுரைத்தனர். உங்களில் பலர் அந்தப் படங்களைக் கைபேசியில் பகிர்ந்துகொண்டதை நான் பார்த்தேன், நானும் பகிர்ந்துகொண்டேன், பெருமைப்பட நமக்குக் காரணமும் இருந்தது. ஆயினும், வனத்துறையின் எல்லைக்கல் வரை பூத்து நிற்கும் அந்த ஒளி, எல்லைக்கல்லைத் தாண்டியவுடன், அதே மழையையும் அதே மண்ணையும் அதே ஓடைகளையும் உடைய நம் ஊர்ப்புறங்களில் ஏன் இத்தனை மெலிந்து காணப்படுகிறது என்னும் வினாவை நாம் கேட்கவில்லை. காரணங்கள் பல. பூச்சிமருந்து ஒன்று, வாய்க்கால் ஓரங்களைச் சிமெண்டால் பூசிவிட்டது ஒன்று, புதரைக் கொளுத்துவது ஒன்று. இவற்றைத் தடுப்பதற்குப் பலருடைய மனமும் பணமும் வேண்டும். மற்றொரு காரணமாகிய விளக்கோ உங்கள் ஒரு தீர்மானத்தினாலேயே சீர்படக்கூடியது. ஆதலின் அதைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மின்மினியின் ஒளி மணப்பேச்சு. ஆண் பூச்சி தன் இனத்துக்கே உரிய கால இடைவெளியோடு விட்டுவிட்டு ஒளிர்கிறது. புல்லிலோ இலையிலோ அமர்ந்திருக்கும் பெண் பூச்சி அந்த இடைவெளியை அறிந்து, தானும் குறித்த காலம் தாழ்த்து ஒளியால் விடை கூறுகிறது. அவ்விடையைக் கண்ட ஆண் அதை நோக்கி இறங்குகிறது. அமெரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் ஒரு மின்மினி இனத்தில் ஆண் சுமார் ஆறு வினாடிக்கு ஒரு முறை ஒளிர, பெண் ஏறத்தாழ இரண்டு வினாடி பொறுத்து மறுமொழி தருகிறது. அந்த இரண்டு வினாடி மூன்றானால், அது வேற்றினத்துப் பெண் என்று ஆண் விலகிப் போய்விடும். இத்தனை நுட்பமான சம்பாஷணை நிகழ்வதற்கு அப்பூச்சிக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் எவ்வளவு என்பதையும் எண்ணிப்பாருங்கள். மின்மினியின் வாழ்வில் பெரும்பகுதி ஈரமண்ணிலும் சருகிலும் புழுவாக, நத்தையையும் மண்புழுவையும் தின்று மாதக்கணக்கில் கழிகிறது. சில இனங்களில் அது இரண்டாண்டு வரைகூட நீள்கிறது. சிறகு முளைத்த பின்னரோ அது உயிர் வாழ்வது சில வாரங்களே. அந்தச் சில வாரங்களிலும் இரவு முழுவதும் அதற்குப் பயன்படுவதில்லை. நம் மலையில் கோடை மழை பெய்து மண் நனைந்த சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில், அந்தி அடங்கிய பின் வரும் சில மணி நேரமே அது துணை தேடும் வேளை. அவ்வேளை தவறினால் மறுநாள் என்று ஒன்று உண்டு. மறுநாளும் தவறினால் அதற்கு மறுநாள் என்று ஒன்று உண்டு. ஆனால் அந்தக் கணக்கு மிகச் சீக்கிரத்தில் தீர்ந்துவிடுகிறது.

அந்த வேளை வந்துவிட்டதென்று பூச்சிக்கு எவர் அறிவிக்கிறார்கள்? இங்கேதான் ஒளியும் இருளும் மாறி மாறி வரும் இயற்கையின் கிரமம் எத்தனை ஆழமாக உயிர்களுக்குள் இறங்கியிருக்கிறது என்பது தெரியவருகிறது. 1937ஆம் ஆண்டிலேயே ஜான் பக் என்னும் அமெரிக்க அறிஞர், பகலிரவு வேறுபாடு இல்லாத மங்கலான அறையில் மின்மினிகளை வைத்துப் பார்த்தபோதும், ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில் அவற்றின் ஒளிரும் வேளை சில நாட்கள் வரை திரும்பத் திரும்ப வந்ததென்று கண்டார். பூச்சிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது சான்று. பின்னர் 1971ஆம் ஆண்டில், பழ ஈக்களை ஆராய்ந்த கொனோப்கா, பென்சர் என்னும் இருவர் அக்கடிகாரத்தை நடத்தும் மரபணு ஒன்றை அடையாளம் காட்டினர். அவ்வழியே சென்று அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இந்தக் கடிகாரம் தானாகவே துல்லியமாக ஓடக்கூடியதன்று. சிறிது முந்தியோ பிந்தியோ ஓடும் அதை ஒவ்வொரு நாளும் விடியலின் ஒளியும் அந்தியின் மங்கலுமே திருத்தி நேர்ப்படுத்துகின்றன. பழ ஈயின் உடலில் ஒளி பட்டவுடன் உருமாறுகின்ற ஒரு புரதம் கடிகாரத்தின் பாகம் ஒன்றைச் சிதைத்து, அதை மறுபடியும் சூரியனோடு இசைவிக்கிறது. மின்மினிக்கோ அந்தி இரட்டைப் பணி புரிகிறது: உள்ளிருக்கும் கடிகாரத்தைத் திருத்துவது ஒன்று, ஒளி குறித்த ஓர் அளவுக்குக் கீழே இறங்கியவுடன், இனித் தொடங்கலாம் என்று அனுமதி தருவது மற்றொன்று. மேகம் மூடிய மாலையிலும், அடர்ந்த மரநிழலிலும் அவை சற்று முன்னதாகவே ஒளிரத் தொடங்குவது இந்த இரண்டாவது பணியினால்தான்.

இது மின்மினிக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று கருதிவிடாதீர்கள். உங்களில் மக்காச்சோளம் போட்டவர்கள் படைப்புழுவுக்காக வயலில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருப்பீர்கள். பெண் அந்துப்பூச்சி இரவில் தன் உடலிலிருந்து ஒரு மணத்தைக் காற்றில் விட்டு ஆணை அழைக்கிறது. அந்த மணத்தையே செயற்கையாகச் செய்து அந்தப் பொறியில் வைத்திருக்கிறார்கள். அத்தகைய மணப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுப்பதற்கு ஜெர்மானியரான பூட்டெனாண்ட் சுமார் ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளைப் பயன்படுத்தி, ஏறத்தாழ இருபதாண்டு உழைத்து, 1959ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். எந்த மணம் என்பதோடு, எந்த நேரம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. படைப்புழுவிலேயே மக்காச்சோளத்தைத் தின்னும் வகை இரவின் முற்பகுதியிலும், நெல்லைத் தின்னும் வகை பிற்பகுதியிலும் இணைகின்றன. ஒரே தோற்றமுடைய இரண்டும் பெரும்பாலும் கலந்துவிடாமல் நிற்பதற்கு இந்த நேரப் பிரிவும் ஒரு காரணம். வட அமெரிக்காவில் கலோசாமியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த மூன்று பெரிய அந்துப்பூச்சிகளில், ஒன்று நண்பகலை ஒட்டியும், ஒன்று பிற்பகலிலிருந்து சூரியன் சாயும் வரையும், ஒன்று அந்திக்குப் பின்னும் துணை தேடுகின்றன. அவற்றுக்கிடையே வேலியாக நிற்பது பொழுதே. இன்னொரு பக்கம், நம் மாந்தோப்புகளைக் கெடுக்கும் வேறொரு பழ ஈ அந்தி மங்கலில் மட்டுமே இணை சேர்கிறது. அசோக் ரெய்னா முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1980களில், பெண் அந்துப்பூச்சியின் மூளையிலிருந்து இரவில் சுரக்கும் ஒரு சிறு ஹார்மோனே மணத்தைத் தயாரிக்குமாறு அதன் உடலுக்குக் கட்டளை இடுகிறதென்று நிறுவினார்கள். 33 அமினோ அமிலங்கள் கோத்த அந்த அணுவளவான பொருள், பகல் ஒளியில் வெளிப்படாமல் இருளின் குறித்த நாழிகைக்குக் காத்திருக்கிறது. கடலோரப் பாறைகளில் வாழும் க்ளூனியோ என்னும் நுண்கொசு ஒன்றோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பகலவனோடு நிலவின் ஒளியையும் கணக்கிட்டு, நீர் மிகத் தாழ்ந்து பாறை வெளிப்படும் நாளையும் நேரத்தையும் தேர்ந்து கூட்டைவிட்டு வெளிவந்து, சில மணி நேரத்தில் இணைந்து முட்டையிட்டு மடிகிறது.

அன்பர்களே, தொல்காப்பியர் அகத்திணைக்குப் பொழுது வகுத்தபோது, குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் உரிமையாக்கினார் என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காதலுக்கு இடம் எவ்வளவு இன்றியமையாததோ, பொழுதும் அவ்வளவு இன்றியமையாதது என்று கருதிய மரபு நம்முடையது. நம் ஊர்களுக்குப் பின்னே நிற்பது குறிஞ்சி. முன்னே விரிந்திருப்பது முல்லையும் மருதமும். இந்த நிலத்தில் வாழும் நாம், ஒரு சிற்றுயிரின் பொழுதைத் தெரியாமலே பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பெரும் மனவேதனையைத் தருகிறது.

எவ்வாறு பறிக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். முழு நிலவு தலைக்கு நேரே காயும் இரவில் தரையில் விழும் ஒளி மிகுந்தால் கால் லக்ஸ் அளவே இருக்கும். நிலவில்லாத இரவின் விண்மீன் ஒளியோ லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஒரு சாதாரணத் தெருவிளக்கின் அடியில் பத்து லக்ஸுக்குக் குறையாது. ஆக, நிலவில்லா இரவை நம்பி லட்சக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவந்த பூச்சிக்கு, அது பழகிய இருளைப்போல் பத்தாயிரம் மடங்கு பிரகாசத்தை ஒரே விளக்கில் நாம் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அதன் விளைவாக, அந்தி முடிந்துவிட்டதென்ற அனுமதி அப்பூச்சிக்குக் கிடைப்பதே இல்லை. கிடைத்து ஒளிர்ந்தாலும், ஆணின் ஒளி பெண்ணுக்கும் பெண்ணின் விடை ஆணுக்கும் அந்த வெள்ளத்தில் தெரிவதில்லை. முகூர்த்த நேரம் முழுவதும் மணப்பந்தலில் காதடைக்கும் வேட்டு வெடித்துக்கொண்டே இருந்தால், ஐயர் மந்திரமும் கேளாது, பெண்ணின் தகப்பனார் சொல்லும் கேளாது, நேரமும் கடந்துபோகும். மின்மினிக்கு நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதுவும் ஒவ்வொரு நாளும் செய்கிறோம்.

இது கற்பனையான அச்சமன்று. ஐரோப்பாவில் சிறகில்லாத பெண்ணே ஒளிவிட்டு ஆணை அழைக்கும் மின்மினி இனம் ஒன்று உண்டு. செயற்கை விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் அப்பெண் எத்தனை ஒளிர்ந்தாலும் அதனிடம் வரும் ஆண்களின் தொகை வெகுவாகக் குறைகிறதென்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நெதர்லாந்து நாட்டில் நடந்த ஆய்வுகளில், இரவு விளக்கின் கீழ் வைக்கப்பட்ட முட்டைக்கோசு அந்துப்பூச்சியின் பெண்கள் விடும் மணம் அளவில் குறைந்தும் கலவையில் மாறியும் போயிற்று. மரத்தண்டில் ஏறி ஆணுக்காகக் காத்திருக்கும் மற்றோர் அந்துப்பூச்சியின் பெண்களோ, விளக்கொளி பட்ட தண்டுகளில் இணை சேராமலே பெருமளவில் நின்றுவிட்டன. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வாழ்நாள் முழுவதும் இரவு ஒளியில் வளர்த்த சிள்வண்டுகள், பெண்ணை அழைத்துப் பாடும் வேளையை இழந்து, பகலென்றும் இரவென்றும் பாராமல் முறைதப்பிப் பாடின. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சாலை விளக்கு எரியும் இடத்து வேலிப்புதர்களில், இருண்ட இடத்துப் புதர்களைக் காட்டிலும் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்தனவென்றும், வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளைவிட அதிகக் கேடு விளைவித்தனவென்றும் தெரிவிக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியை நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்துக்குப் பின், நாடெங்கும் சோடியம் விளக்குகளும் டியூப்லைட்டுகளும் கழற்றப்பட்டு வெள்ளை எல்.இ.டி.கள் ஏறின. மின்கட்டணம் மிச்சமாயிற்று, அது நன்மைதான், அதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால், மிச்சமான மின்சாரத்தைக் கண்டு, முன்பு ஒரு விளக்கு எரிந்த இடத்தில் இரண்டு விளக்குகளும், விளக்கே தேவைப்படாத இடத்தில் புதிய விளக்கும் வைத்தோமே, அதைத்தான் நான் குறை கூறுகிறேன். எங்கள் ஊரில் வாய்க்கால் பாலத்தருகே, ஆள் நடமாட்டம் பொழுது சாய்ந்தவுடன் ஓய்ந்துவிடும் ஓரிடத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்கோபுர மின்விளக்கு நிறுவப்பட்டது. அதற்கு அப்பால் ஓடைக்கரையில் வரிசையாக நின்ற புங்க மரங்களில், கோடை மழை விழுந்த வாரத்தில் மின்மினிகள் அடர்ந்து ஒளிர்வதை நானும் என் வீட்டாரும் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம். விளக்கு வந்த கோடையில் அவை மெலிந்தன. அடுத்தடுத்த கோடைகளில், விளக்கின் வெளிச்சம் எட்டாத கடைசி மரங்களில் மட்டும் சில தென்பட்டன. இதைப் பற்றி உரியவர்களிடம் முறையிட்டபோது, விளக்கு வேண்டாமென்று சொல்லும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறோம் என்ற பதிலே கிடைத்தது. விளக்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விளக்கை அது வேண்டிய இடத்தில் வையுங்கள், வேண்டிய நேரத்தில் எரியுங்கள் என்றுதான் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் மனத்தில் எழும் மறுப்புகளையும் நான் அறிவேன், அவை நியாயமானவை. பஸ் இறங்கி வீடு வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். டியூஷன் முடிந்து வரும் குழந்தைகளுக்கு வேண்டும். காலடியில் பாம்பு கிடப்பது தெரிய வேண்டும். யானை இறங்கும் ஊரில் எட்டத்திலேயே அதைக் கண்டுகொள்ள வேண்டும். இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்குமாறு நான் கேட்கவில்லை. ஒரு மனித உயிரைப் பணயம் வைத்துப் பூச்சியைக் காப்பது என் கருத்தன்று. ஆனால், மனிதர் நடப்பது தரையில். நம் விளக்குகளில் பாதி ஒளி மரக்கிளைகளுக்கும் ஆகாயத்துக்கும் அன்றோ போகிறது? அவ்வாறு போகும் ஒளி எந்தப் பெண்ணுக்கும் வழி காட்டவில்லை. கண்ணைக் கூசவைக்கும் உயர்ந்த விளக்கின் அடியில் நிற்பவர்களுக்கு அதன் வட்டத்துக்கு வெளியே நிற்கும் யானை தெரிவதில்லை என்பதை உங்களில் அடிபட்டு அறிந்தவர்கள் உண்டு. தாழ்வாக, தரையை மட்டும் நோக்கி, அளவாக எரியும் விளக்கே பாதுகாப்பான விளக்கு.

பட்டணத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இருக்க, எங்கள் கிராமம் மட்டும் இருட்டில் கிடக்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். பல தலைமுறையாக மின்சாரத்துக்குக் காத்திருந்த மக்களின் அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆயினும், இந்தியாவிலேயே மிக இருண்ட வானங்களுள் ஒன்றை உடைய லடாக்கின் ஹான்லே கிராமத்தார், அங்குள்ள வானாய்வு நிலையத்தின் பொருட்டுத் தம் விளக்குகளுக்கு மறைப்பிட்டு, சன்னல்களுக்குக் கனத்த திரை தொங்கவிட்டு, அந்த இருளையே தம் ஊரின் செல்வமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் எந்த வகையிலும் தாழ்ந்துவிடவில்லை. இன்னொரு மறுப்பையும் கேட்டிருக்கிறேன்: விளக்கு பூச்சிகளை இழுத்து அழித்தால் விவசாயிக்கு நல்லதுதானே என்பது அது. வேளாண்மைத் துறையார் சொல்லும் விளக்குப் பொறி, வேண்டிய பருவத்தில், குறித்த நேரம் வரை மட்டும் வைக்கப்படுவது. தெருவிளக்கு அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. பயிரைத் தின்பதையும், பயிரைத் தின்பதைத் தின்பதையும், இரவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சியையும் அது ஒன்றாகவே அலைக்கழிக்கிறது. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் இரவு விளக்கு வைத்துப் பார்த்தபோது, மகரந்தம் சுமக்கும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. அங்கே ஒரு செடியின் காய்ப்பும் குறைந்தது. பகல் தேனீக்கள் அந்தக் குறையை ஈடு செய்யவில்லை.

ஆகவே, உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். காட்டெல்லையை ஒட்டியும், ஓடை, வாய்க்கால், குளக்கரைகளை ஒட்டியும் வீடுகள் இல்லாத இடங்களில் புதிய விளக்கு நடுவதை நிறுத்திவையுங்கள்; ஏற்கெனவே அங்கே எரிவனவற்றைச் சித்திரை தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இறங்கும் வரையேனும், அந்தி முதல் இரவு பத்து மணி வரையேனும் அணைத்துவையுங்கள்; முடிந்தால் விடியும் வரை அணைத்துவையுங்கள். குடியிருப்புத் தெருக்களின் விளக்குகளுக்கு மேலும் பக்கமும் மறைக்கும் மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்புங்கள். ஆள் வரும்போது மட்டும் பிரகாசமாகி மற்ற நேரத்தில் மங்கும் சென்சார் விளக்குகளும், நேரத்துக்கு அணையும் டைமர்களும் இன்று நம் பொள்ளாச்சிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பழுதாகி மாற்ற வேண்டிய விளக்கு வரும்போது, வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சார்ந்த, குறைந்த வாட் உடையதை வாங்குங்கள். ஆனால், நிறத்தை மாற்றிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடாதீர்கள்; மின்மினியின் ஒளியே பசுமை கலந்த மஞ்சள் என்பதால், மஞ்சள் விளக்கும் அதன் பேச்சை மூழ்கடிக்கக்கூடியதே. அந்துப்பூச்சிக்கு நிறம் உதவும். மின்மினிக்கு உதவுவது இருட்டு ஒன்றுதான்.

தோப்புகளுக்குள் விடுதி நடத்துவோரையும் நீங்கள் அழைத்துப் பேச வேண்டும். மரந்தோறும் சீரியல் லைட் சுற்றிவிட்டு, மின்மினி பார்க்க வாருங்கள் என்று விளம்பரம் செய்வதில் பொருளில்லை என்பதை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துரையுங்கள். டார்ச்சும் கைபேசி வெளிச்சமும் வண்டி விளக்குமாக வந்து நிற்கும் விருந்தினர் கூட்டத்தைத் தூரத்தில் நிறுத்திவைக்கும் பொறுப்பு அவர்களுடையது. சித்திரைத் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் போடும் விளக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சில நாளில் முடிவது, ஊர் நடுவே இருப்பது. அலங்காரம் ஓடைக்கரை வரை நீளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவற்றில் ஒன்றுக்கும் பெருந்தொகை செலவில்லை. சில விளக்குகளை அணைப்பதால் ஊராட்சியின் மின்கட்டணம் குறையவே செய்யும். தயக்கம் இருக்குமானால், ஒரே ஓர் ஓடைக்கரையை, ஒரே ஒரு கோடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கெரியும் கரையையும் அணைந்த கரையையும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணி எழுதிவருவதை அடுத்த கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். பிறகு உங்கள் முடிவை நீங்களே எடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளில், கிராம சபை கூடுகிறது. சித்திரைக்கும் கோடை மழைக்கும் முந்திய சபை அதுவே. மே 1ஆம் நாள் கூடும் சபைக்குள் மின்மினிகளின் பருவத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். ஆகையால், வருகின்ற மார்ச் 22ஆம் நாள் சபையில், நீர்நிலைகளைப் பற்றிய பொருளோடு சேர்த்து, நீர்க்கரை விளக்குகளைப் பற்றிய இந்த ஒரு தீர்மானத்தையும் வைத்து நிறைவேற்றித் தருமாறு உங்கள் அனைவரையும் பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்த் தென்னை விவசாயி ஒருவன்